கம்ப்யூட்டர் படிப்பிலும் சான்று அட்டை பார்த்து வாங்குங்கள்

தை அறுவடை முடிந்து நெல் பணம் கைக்கு வரும் சமயத்தில்தான் கடலூரிலும் சிதம்பரத்திலும் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையங்களின் தட்டிகள் புதிது புதிதாக முளைக்கின்றன. "ஆறே மாதத்தில் ஐ.டி. வேலை", "நூறு சதவீத வேலை உத்தரவாதம்", "எந்தப் படிப்பு படித்திருந்தாலும் சேரலாம்" என்றெல்லாம் எழுதியிருக்கும். பஸ் நிலையத்தில் இறங்கினால் கையில் ஒரு துண்டு நோட்டீஸ். வீட்டுக்கு வந்தால் பிள்ளையின் செல்போனிலும் அதே விளம்பரம்.

விவசாயப் பக்கத்தில் இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். இருக்கிறது. இந்தக் கட்டணங்களைக் கட்டுவது வீராணம் பாசனத்து நெல்லும், நெல்லிக்குப்பம் பகுதிக் கரும்பும், பண்ருட்டி முந்திரியும்தான். 2011 டிசம்பர் 30-ல் அடித்த தானே புயலில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த பிறகு, நிலத்தை மட்டும் நம்பிப் பயனில்லை என்று பிள்ளைகளை வேறு தொழிலுக்கு அனுப்பிய குடும்பங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். அனுப்புவது தவறல்ல. எதை நம்பி அனுப்புகிறோம் என்று பாராமல் அனுப்புவதுதான் தவறு. அந்தத் தவறை நானே செய்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

இரண்டு பிள்ளைகள், இரண்டு வழி

என் மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். நான்கு ஆண்டுகள் காண்ட்ராக்ட் தொழிலாளியாக ஓர் ஆலையில் வேலை பார்த்தான். நிரந்தரம் ஆகாது என்று தெரிந்ததும், 2022-ல், ஐ.டி. பக்கம் போகிறேன் என்றான். ஒரு பயிற்சி நிலையம் கடலூரில் ஒரு மண்டபத்தில் கூட்டம் நடத்தியது. நானும் கூடப் போனேன். கோட்டு போட்ட ஒருவர் ஒரு மணி நேரம் பேசினார். மொத்தக் கட்டணம் ரூ. 82,000, அன்றைக்கே கட்டினால் ரூ. 10,000 தள்ளுபடி என்றார். நாளை என்றால் தள்ளுபடி போய்விடும் என்ற பயத்தில், மறு யோசனை இல்லாமல் ஒப்புக்கொண்டேன். என் மனைவியின் நகையை அடகு வைத்து ரூ. 72,000 கட்டினேன். அந்தப் போகத்து உரச் செலவுக்கு என்று வைத்திருந்த நகை அது.

ஆறு மாதத்தில் மூன்று ஆசிரியர்கள் மாறினார்கள். ஐந்தாவது மாதம் கடலூர் வகுப்பை நிறுத்திவிட்டு, மீதிப் பாடத்துக்குச் சென்னைக்கு வரச் சொன்னார்கள். முடிவில் தங்க நிறக் கரை போட்ட சான்றிதழ் ஒன்று கிடைத்தது. இரண்டு கம்பெனிகளில் நேர்முகத் தேர்வுக்குப் போனான். இரண்டிலும் அந்தச் சான்றிதழை ஒதுக்கி வைத்துவிட்டு, "நீங்கள் சொந்தமாகச் செய்த வேலை எதையாவது காட்டுங்கள்" என்று கேட்டார்கள். காட்ட எதுவும் இல்லை. நகையை மீட்க எனக்கு இரண்டு சம்பா அறுவடை ஆயிற்று.

அதே காலத்தில் புவனகிரியில் இருக்கும் என் தங்கையின் மகளும் வேலை மாற நினைத்தாள். பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள், ஒரு தனியார் பள்ளியில் ரூ. 9,000 சம்பளத்தில் இருந்தாள். அவள் எந்த நிலையத்திலும் உடனே சேரவில்லை. மூன்று வாரம் வேலை விளம்பரங்களைப் பார்த்து, எந்த வேலைக்கு எந்தத் தகுதி கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டாள். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்துப் பராமரிக்கும் நெட்வொர்க் வேலைக்குப் புதுச்சேரியிலும் கடலூரிலும் ஆள் கேட்பதைக் கண்டாள். இலவசப் பாடங்களை ஒரு மாதம் படித்துப் பார்த்து, இது தனக்கு ஒத்துவரும் என்று தெரிந்த பிறகே, சிதம்பரத்தில் மாதக் கட்டணம் வாங்கும் சிறிய நிலையம் ஒன்றில் சேர்ந்தாள்.

அவளுக்குப் பழைய லேப்டாப் ரூ. 18,000, பயிற்சிக்கு ரூ. 9,000, தேர்வுக் கட்டணம் வரியோடு சுமார் ரூ. 29,000, ஆக மொத்தம் ரூ. 56,000 செலவு. தயாராகவில்லை என்று தெரிந்ததும் தேர்வுத் தேதியை இரண்டு மாதம் தள்ளிப் போட்டுவிட்டுப் பிறகே எழுதினாள். இன்று ஓர் ஆஸ்பத்திரியில் நெட்வொர்க் பராமரிப்பு வேலையில் ரூ. 18,000 வாங்குகிறாள். நேர்முகத் தேர்வில் அவள் முன்னே ஒரு கருவியை வைத்து அமைக்கச் சொன்னார்களாம். அமைத்துக் காட்டினாள்.

இரண்டு பேரும் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். செலவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவன் வாங்கியது காகிதம். மற்றவள் வாங்கியது தேர்ச்சி. வித்தியாசம் அதுதான்.

விதையில் காட்டும் விவேகம்

நாம் விதை வாங்கும்போது எப்படி வாங்குகிறோம்? மூட்டையில் நீல அட்டை இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை என்பது நம் ஊர்ச் சிறுவனுக்கும் தெரியும். நெல் சான்று விதை என்றால் குறைந்தது 80 சதவீத முளைப்பு இருக்க வேண்டும். அட்டையில் காலக்கெடுவும் உண்டு; பரிசோதனை செய்த நாளிலிருந்து 9 மாதம்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. விதையை உற்பத்தி செய்கிறவர் வேறு, அதற்குச் சான்று அளிக்கிறவர் வேறு. விதைச் சான்று அலுவலர் வயலுக்கு வந்து கலவன் பார்க்கிறார். மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். விற்கிறவரே தன் மூட்டைக்குத் தானே அட்டை எழுதிக் கட்டிக்கொண்டால் அதைச் சான்று விதை என்று நாம் ஏற்போமா? மாட்டோம்.

என் மகனுக்குக் கிடைத்தது அப்படிப்பட்ட அட்டைதான். பாடம் நடத்தியதும் அதே நிலையம், தேர்வு வைத்ததும் அதே நிலையம், தேறிவிட்டான் என்று எழுதிக் கொடுத்ததும் அதே நிலையம். என் தங்கை மகளுக்குப் பாடம் நடத்தியவர் ஒருவர். தேர்வு வைத்தது வேறொரு நிறுவனம். கம்ப்யூட்டர் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: தேர்வு வைப்பது யார்?

எந்தச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு

வெளியார் தேர்வு வைத்துக் கொடுக்கும் சான்றிதழ்கள் இரண்டு வகை. ஒன்று அரசு சார்ந்தவை.

தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் 'ஆபீஸ் ஆட்டோமேஷன்' கம்ப்யூட்டர் தேர்வு அவற்றில் ஒன்று. அரசு அலுவலகங்களில் டைப்பிஸ்ட், ஸ்டெனோ வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு டைப்ரைட்டிங்கோடு இதுவும் வேண்டும். ஐ.டி. கம்பெனி வேலைக்கு இது உதவாது. கோபா எனப்படும் ஓராண்டுக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பிரிவு ஐ.டி.ஐ.களில் உள்ளது. அரசு ஐ.டி.ஐ.யில் இடம் கிடைத்தால் செலவு மிகக் குறைவு.

மத்திய அரசின் 'நைலிட்' நிறுவனம், முன்பு டோயக் என்று பெயர் கொண்டிருந்தது, 'ஓ' லெவல், 'ஏ' லெவல் என்று படிப்படியாகத் தேர்வுகள் நடத்துகிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் 'ஓ' லெவலில் தொடங்கலாம். எந்த நிலையத்திலும் சேராமல் நேரடியாகப் பதிவு செய்து எழுதவும் வழி உண்டு. தேர்வுகள் ஜனவரியிலும் ஜூலையிலும் நடக்கின்றன.

இரண்டாவது வகை, உலகக் கம்பெனிகள் தங்கள் தங்கள் கருவிக்கும் மென்பொருளுக்கும் நடத்தும் தேர்வுகள். நெட்வொர்க் வேலைக்கு சிஸ்கோவின் சி.சி.என்.ஏ.; கட்டணம் 300 டாலர். 'கிளவுட்' என்கிற வாடகைக் கம்ப்யூட்டர் துறைக்கு அமேசானின் தொடக்கத் தேர்வு 100 டாலர், அதற்கு அடுத்த படி 150 டாலர். இவற்றின் மேல் வரி வேறு. லினக்ஸ் பராமரிப்புக்கு ரெட்ஹாட் தேர்வு. இதில் கேள்வித்தாள் கிடையாது. கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து வேலையைச் செய்து காட்டச் சொல்வார்கள். ஆகவே இதற்கு மதிப்பு அதிகம். மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டிங் வேலைக்கு ஐ.எஸ்.டி.க்யூ.பி. என்ற தேர்வு இருக்கிறது.

விதை அட்டையைப் போல் இவற்றுக்கும் காலக்கெடு உண்டு. சிஸ்கோ, அமேசான், ரெட்ஹாட் சான்றுகள் 3 ஆண்டுகளே செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். சில சான்றுகள் ஒரேயடியாக நிறுத்தப்படுவதும் உண்டு. சென்னை தரமணியில் டைடல் பார்க் திறந்த 2000-ஆம் ஆண்டுவாக்கில் எம்.சி.எஸ்.இ. என்று எங்கும் பேச்சாக இருந்தது. அதைக் கொடுத்த மைக்ரோசாப்ட் 2021 ஜனவரியோடு அதை நிறுத்திவிட்டது. வழக்கொழிந்த ரகத்தைப் புது ரகம் என்று விற்பவர்கள் விதைக் கடையில் மட்டும் இல்லை.

பட்டமாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் தொடங்கியது. அங்கே 1979-ல் ஏற்பட்ட தபால் வழிக் கல்வியால் நம் மாவட்டத்துக் குடும்பங்கள் பல பட்டம் கண்டன. ஆயினும் அதன் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம் இருந்தது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 மார்ச்சில் பொது அறிவிப்பு வெளியிட்டது. இந்த அங்கீகாரம் ஆண்டுக்கு ஆண்டு, படிப்புக்குப் படிப்பு மாறக் கூடியது. எந்தப் பல்கலைக்கழகமானாலும், சேரும் ஆண்டில் அந்தப் படிப்பு மானியக் குழுவின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். பெயரும் பழமையும் மட்டும் போதா.

பணம் கட்டுமுன்

மண் பரிசோதனை செய்யாமல் உரம் இடுவது வீண் என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். பிள்ளைக்கும் அப்படி ஒரு பரிசோதனை தேவை. ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசம், தேர்வு எழுதினால்தான் கட்டணம். பம்பாய் ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. கல்லூரியில் படிப்பவர்களுக்குத் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச் முதல் இருக்கிறது. எதையாவது ஒன்றை எடுத்து, தினம் ஒரு மணி நேரம், ஒரு மாதம் படிக்கச் சொல்லுங்கள். மாதக் கடைசியிலும் ஆசை குறையவில்லையென்றால் பணம் போடலாம். பத்தாம் நாளே விட்டுவிட்டால் ரூ. 72,000 மிச்சம்.

பிறகு நிலையத்துக்கு நேரில் போய்க் கீழ்க்கண்டவற்றை விசாரிக்க வேண்டும்.

1. தேர்வு வைப்பது யார்? தேர்வுக் கட்டணம் பயிற்சிக் கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா?

2. பாடம் நடத்துபவர் யார்? அவர் அந்த வேலையைச் செய்தவரா? இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி உண்டா? மறுத்தால் திரும்பிவிடுங்கள்.

3. முன்பு படித்தவர்களில் மூன்று பேரோடு பேச முடியுமா? வேலை கிடைத்தவரை அவர்களே காட்டுவார்கள். வேலை கிடைக்காத ஒருவரை நீங்கள் தேடிப் பிடித்துப் பேசுங்கள்.

4. படிப்பு முடியும்போது பிள்ளை சொந்தமாகச் செய்து காட்டக் கூடிய வேலை என்ன இருக்கும்?

5. கட்டணத்தை மாதாமாதம் கட்டலாமா? இடையில் நிறுத்தினால் எவ்வளவு திரும்ப வரும்? இதை எழுத்தில் கேளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தர வேண்டாம்.

6. 'தவணை' என்று சொல்லி நீட்டும் காகிதத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா? இருந்தால் அது கடன் பத்திரம். பயிற்சி நிலையம் மூடிப் போனாலும் கடன்காரன் உங்களை விடமாட்டான்.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பயிர்ச் செலவுக்கான நகையைத் தொடாதீர்கள். பாங்க்குகளில் திறன் பயிற்சிக் கடன் திட்டம் உண்டு. 2024 ஜூலையில் அதன் உச்ச வரம்பு ரூ. 1.5 லட்சத்திலிருந்து ரூ. 7.5 லட்சமாக உயர்த்தப்பட்டது. அங்கீகாரம் உள்ள படிப்புகளுக்கே அது கிடைக்கும். அவ்வளவு பெரிய தொகையை வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. இந்தப் படிப்புக்குக் கடன் தருவீர்களா என்று பாங்க் மானேஜரைக் கேட்டுப் பாருங்கள். அவர் தயங்கினால் நாமும் தயங்குவது நல்லது.

தேர்வு விஷயத்திலும் மூன்று எச்சரிக்கைகள். பதிவு செய்யும் பெயரும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நம் இனிஷியல் வழக்கத்தால் தகராறு வரும். முன்கூட்டியே சரி செய்துகொள்ளுங்கள். வீட்டிலிருந்தே எழுதும் வசதி உண்டு என்றாலும், கரண்டும் இணையமும் நடுவில் நிற்கும் நம் கிராமங்களில் அதை நம்ப வேண்டாம். தேர்வு மையத்துக்கே போய் எழுதுவது மேல். 'வரப்போகும் கேள்விகள் இவைதாம்' என்று விற்கும் திருட்டுத் தாள்களையும் தொடக்கூடாது. கண்டுபிடித்தால் சான்று ரத்தாகும். கண்டுபிடிக்காவிட்டாலும், நேர்முகத் தேர்வில் வேலையைச் செய்து காட்டச் சொன்னால் குட்டு வெளிப்படும்.

உத்தரவாதம் என்ற வார்த்தை

நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்ற விளம்பரத்தைக் கண்டால் உடனே சந்தேகப்பட வேண்டும். பயிற்சி நிலையங்கள் இப்படி விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர் 13-ல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ரசீதும் நோட்டீசும் கையில் இருந்தால்தான் வழக்கு நிற்கும். நான் நோட்டீசைக் கிழித்துப் போட்டிருந்தேன்.

வேலை நிலவரத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐ.டி. துறை இருபது ஆண்டுகளுக்கு முன்பு இருந்தது போல் இல்லை. நாட்டின் பெரிய ஐ.டி. கம்பெனியான டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரைக் குறைக்கப் போவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. புதிதாகச் சேருகிறவர்கள் செய்துவந்த சில்லறை வேலைகளைச் செயற்கை அறிவு இயந்திரங்கள் செய்யத் தொடங்கிவிட்டன. அதே சமயம், நம் பக்கத்து மாவட்டத்தில், வானூர் அருகே திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் சிறிய டைடல் பார்க் திறந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி, பாங்க், ஆலை எதுவானாலும் கம்ப்யூட்டர் இல்லாமல் நடப்பதில்லை. அவற்றைப் பராமரிக்க ஆள் தேவை. மாதம் ஒரு லட்சம் என்ற கனவோடு போகிறவன் ஏமாறுவான். ரூ. 15,000-ல் தொடங்கி, ஆண்டுதோறும் ஏதாவது புதிதாகக் கற்கத் தயார் என்று போகிறவன் பிழைப்பான்.

இரண்டு மறுப்புகள்

எல்லாரும் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டால் நிலத்தை யார் பார்ப்பது என்று என் வயதுக்காரர்கள் கேட்கிறார்கள். போக நினைக்கும் பிள்ளையைத் தடுத்து நிறுத்தி விவசாயம் செய்ய வைத்தவர் யாரும் இல்லை. தவறான படிப்பில் பணத்தைத் தொலைத்தால் வேலையும் கிடைக்காது, நிலத்தின் மேல் கடனும் ஏறும். சரியாகத் தேர்ந்தெடுத்துப் போகிறவன் அனுப்பும் பணத்தில் போர்வெல் மோட்டார் மாற்றிய வீடுகளும் நம் ஊர்களில் உண்டு. ஆகவே படிப்பைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது நிலத்தைக் காப்பாற்றும் காரியமும் ஆகும்.

இலவசமாகவே எல்லாம் கிடைக்கும்போது பயிற்சி நிலையம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். தானே படித்துத் தேறும் பிள்ளைகள் சிலர் உண்டு. பலருக்குச் சந்தேகம் கேட்க ஓர் ஆசிரியரும், கூடப் படிக்க நான்கு பேரும் வேண்டும். நல்ல நிலையங்கள் நம் ஊர்களிலேயே இருக்கின்றன. மேலே சொன்ன கேள்விகளுக்குக் கோபப்படாமல் பதில் சொல்வதைக் கொண்டே அவற்றை அடையாளம் காணலாம்.

அரசு செய்ய வேண்டியது

1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, விதைக் கடைக்காரர் லைசென்ஸ் வாங்க வேண்டும். கடை வாசலில் இருப்பையும் விலையையும் தினமும் பலகையில் எழுதி வைக்க வேண்டும். ஒரு மூட்டை விதை ரூ. 1,000, ரூ. 1,500-க்கு விற்பவருக்கு இவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறது. எழுபதாயிரம், எண்பதாயிரம் என்று வாங்குகிறவர் வாசலில் அப்படி ஒரு பலகையை நான் பார்த்ததில்லை.

பயிற்சி நிலையம் ஒவ்வொன்றும் மூன்று எண்களை வாசலில் எழுதி வைக்க வேண்டும் என்று அரசு உத்தரவிட வேண்டும். சென்ற ஆண்டு சேர்ந்தவர்கள் எத்தனை பேர், வெளித் தேர்வில் தேறியவர்கள் எத்தனை பேர், வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர். கடலூர் மாவட்ட வேலைவாய்ப்பு மையம் அந்த எண்களைச் சரிபார்த்து ஆண்டுக்கு ஒரு முறை வெளியிட்டால் போதும். நல்ல நிலையங்கள் இதை வரவேற்கும். மற்றவை தட்டியைக் கழற்றும்.

அந்தப் பலகை வரும் வரை கேள்வி கேட்பது நம் பொறுப்பு. என் மகன் இப்போது புதுச்சேரியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். இரவில் தன் அத்தை மகளிடம் செல்போனில் பாடம் கேட்டு, லினக்ஸ் தேர்வுக்குப் படித்து வருகிறான். இந்த முறை நகை எதுவும் அடகுக்குப் போகவில்லை. கட்டணம் கட்டும் நாள் எப்போது என்று கேட்டேன். "பழகிப் பார்க்கிற வேலைகளைப் பத்துத் தடவையும் தப்பில்லாமல் செய்த பிறகுதான் அப்பா" என்றான். இந்தப் பதிலை 2022-ல் அந்த மண்டபத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும்.